அத்தியாயம் 6: காலிக் கோட்டையின் கல்வீட்டில் ஒரு கொக்டெயில் பார்

காலிக் கோட்டைக்குள் ஒரு பழைய ஒல்லாந்தர் வீட்டை எடுத்து பார் நடத்த நினைப்பவர்கள், கவுண்டருக்கு எந்த மரம், மேலே எந்த விளக்கு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இரண்டையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அந்த வீட்டுச் சுவருக்குள் எவ்வளவு ஈரம் இருக்கிறது, அது எந்த இடத்தால் வெளியேறுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாமல் வரைந்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இரண்டு மழைக்காலம் தாங்காது.

இந்த அத்தியாயம் முழுக்க ஒரே கொள்கையின் மேல் நிற்கிறது. பார் தன் காலில் நிற்க வேண்டும். கட்டடம் தன் போக்கில் மூச்சு விட வேண்டும். நாளை நீங்கள் கடையைக் கழற்றிக்கொண்டு போனால், சுவரில் நீங்கள் இருந்த தடம் தெரியக்கூடாது. பழைய கட்டடங்களைப் பேணுவது பற்றிய 1964ஆம் ஆண்டு வெனிஸ் பட்டயம் தொடங்கி இன்றுவரை மரபுப் பாதுகாப்புத் துறையினர் சொல்லிவருவதும் ஏறக்குறைய இதுதான்: பழையதைக் காயப்படுத்தாதே, புதியதைப் பழையதுபோல நடிக்க வைக்காதே.

சுவர் எதனால் ஆனது

போர்த்துக்கேயர் தொடங்கிய கோட்டையை 1640இல் ஒல்லாந்தர் பிடித்து, பெருப்பித்துக் கட்டினார்கள். 1796இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. உள்ளே இருக்கும் பழைய வீடுகளின் சுவர்களில் கடலிலிருந்து எடுத்த முருகைக்கல்லும் நிலத்திலிருந்து வெட்டிய கபுக்கல்லும் கலந்து கிடக்கும். கபுக்கல் என்பது தமிழ்நாட்டில் செம்புரைக்கல் என்று சொல்லும் அதே கல். இரண்டையும் பிணைப்பது சுண்ணாம்புச் சாந்து, மேற்பூச்சும் சுண்ணாம்பு. பல வீடுகளில் சுவரின் தடிப்பு அரை மீற்றரைத் தாண்டும்.

முருகைக்கல் முழுக்க நுண்துளை. நிலத்தடி ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும், மழையில் நனையும், வெயிலில் காயும். சுண்ணாம்புப் பூச்சு அதற்குத் தடை போடுவதில்லை. ஈரம் பூச்சின் வழியே வெளியே வந்து காற்றில் கலந்துவிடும். இந்தப் போக்குவரத்து தடைப்படாதவரை சுவருக்கு ஆபத்தில்லை.

சீமெந்துப் பூச்சு இதைத் தடுத்துவிடுகிறது. ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே மேலே ஏறி, சீமெந்து முடியும் உயரத்துக்கு மேல் வெடித்துக்கொண்டு வரும். பிளாஸ்டிக் பெயின்ட், நீர்புகாப் பூச்சு, சுவரோடு ஒட்டிய கண்ணாடி, ஒட்டுப்பலகை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். முந்தைய குத்தகைக்காரர் சீமெந்து பூசியிருந்தால், உங்கள் செலவுப் பட்டியலின் முதல் வரி அதை உளியால் மெதுவாக அகற்றி மறுபடி சுண்ணாம்பு பூசுவதாக இருக்கட்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துத்தான் இறுகும், அதற்கு வாரக்கணக்கில் நேரம் வேண்டும். திறப்பு விழாத் திகதியை இதற்கேற்ப வையுங்கள்.

இன்னொன்று, இலங்கையில் கரையோர முருகைக்கல்லை அகழ்வது இன்று சட்டப்படி தடை. உடைந்த கல்லுக்குப் பதிலாகப் புதிய கல் வாங்க முடியாது. இடித்த பழைய கட்டடத்திலிருந்து கிடைத்தால் உண்டு. சுவரில் துளைபோடும் மின்கருவியைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஈரத்தைப் பார்க்கும் முறை

ஒரு மீற்றர் சதுரத்தில் தடித்த பொலித்தீன் தாளை வெட்டி, நான்கு ஓரத்தையும் ஒட்டுநாடாவால் சுவரோடு இறுக்கி ஒட்டுங்கள். சில நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். தரையோரம், இடுப்பு உயரம், தலை உயரம் என மூன்று மட்டத்தில் இதைச் செய்தால் ஈரம் எதுவரை ஏறுகிறது என்ற கோடு கிடைக்கும். அந்தக் கோட்டைத் தரைப்படத்தில் குறித்து வையுங்கள். போத்தல் இறாக்கை, குளிர்ப்பெட்டி, மெத்தை வைத்த இருக்கை எதுவும் அந்தக் கோட்டுக்குக் கீழே சுவரோடு ஒட்டி நிற்கக்கூடாது.

அடுத்தது உப்பு. கடல் கோட்டையின் மூன்று பக்கமும் இருக்கிறது. கல்லே கடலில் பிறந்தது. கைவிளக்கைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வெள்ளை மயிர்போல மெல்லிய இழைகள் தெரியும். விரலால் தொட்டால் உதிரும். அதற்குக் கீழே பூச்சைக் கைமுட்டியால் தட்டினால் பொள்ளல் ஓசை கேட்கும். உப்பு உள்ளே படிகமாகிப் பூச்சைத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

பார் நடத்துபவர்கள் அறியாமலே செய்யும் மிகப்பெரிய சேதம் இங்கேதான் நடக்கிறது. சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 75 வீதத்தைத் தாண்டும்போது கரைகிறது, அதற்குக் கீழே வந்தால் மறுபடி படிகமாகிறது. காலியின் கடற்காற்று பெரும்பாலான நாட்களில் அந்த எல்லைக்கு மேலேதான் நிற்கும். மாலை ஐந்து மணிக்குக் குளிரூட்டியைப் போட்டு அறையை 55 வீதத்துக்கு உலர்த்துகிறீர்கள், உப்பு படிகமாகிறது. நள்ளிரவில் நிறுத்திவிட்டுப் போகிறீர்கள், உப்பு கரைகிறது. படிகம் ஒவ்வொரு முறை வளரும்போதும் கல்லின் நுண்துளையை உள்ளிருந்து நெருக்குகிறது. முந்நூறு ஆண்டு நின்ற சுவரை இப்படி ஒவ்வொரு இரவும் வதைத்தால் மாவாக உதிர்வதில் வியப்பில்லை.

ஆகவே என் தேர்வு, பெரிய கூடத்தில் குளிரூட்டி வேண்டாம் என்பதே. ஒல்லாந்தர் வீட்டின் உயர்ந்த ஓட்டுக்கூரை, தெருப்பக்க விறாந்தை, நடுமுற்றம் மூன்றும் காற்றை இழுத்து விடுவதற்கென்றே அமைந்தவை. முற்றத்துக் கதவுகளைத் திறந்து வைத்து, மெதுவாகச் சுழலும் பெரிய மின்விசிறிகளைக் கவுண்டருக்கும் இருக்கைகளுக்கும் மேலே தொங்கவிடுங்கள். குளிரறை கட்டாயம் வேண்டுமென்றால் சிறிய உள்ளறை ஒன்றுக்கு மட்டும், சுவரிலிருந்து விலகி நிற்கும் தனிச் சட்டகத்துக்குள் வையுங்கள். அதையும் இரவும் பகலும் ஒரே அளவில் ஓட விடுங்கள். ஏறி இறங்கும் ஈரப்பதனைத்தான் சுவர் தாங்காது.

தன் காலில் நிற்கும் பார்

கவுண்டரின் உயரம் விருந்தினர் பக்கம் 107 சென்டிமீற்றர் என்பது துறையில் நிலைத்துவிட்ட அளவு. அதற்கு 75 சென்டிமீற்றர் உயர முக்காலி பொருந்தும். ஒருவருக்கு 60 சென்டிமீற்றர் அகலம் கொடுங்கள். பழைய வீட்டின் நீளக் கூடம் எட்டு மீற்றர் என்றால், போகவர வழி விட்டு, ஆறு மீற்றர் கவுண்டரில் பத்துப் பேர். அதற்கு மேல் திணிக்க வேண்டாம். பார்டெண்டர் நிற்கும் பாதை 90 சென்டிமீற்றருக்குக் குறையக்கூடாது.

பார்டெண்டருக்கு 107 அதிக உயரம். அவர் வேலை செய்ய 90 சென்டிமீற்றர் அளவில் தளம் வேண்டும். வழக்கமான பார்களில் இதற்காகக் கவுண்டரின் உட்பக்கம் தாழ்வாக இன்னொரு தட்டு வைப்பார்கள். கல்வீட்டில் இதைவிட நல்ல வழி உண்டு. பார்டெண்டர் நிற்கும் பகுதி முழுவதையும் 15 சென்டிமீற்றர் உயர மேடையாக்குங்கள். கவுண்டர் அவருக்கு 92 சென்டிமீற்றராகிவிடும். ஒரே தட்டில் அவரும் விருந்தினரும் சந்திக்கலாம், ஷேக்கரிலிருந்து கிளாஸுக்கு ஊற்றுவதை வந்தவர் மறைப்பின்றிப் பார்க்கலாம். மேடைக்கு அடியில் கிடைக்கும் அந்த 15 சென்டிமீற்றரில் தண்ணீர்க் குழாய், கழிவுக்குழாய், மின்கம்பி எல்லாம் ஓடிவிடும். பழைய தரையை ஒரு இடத்திலும் வெட்ட வேண்டியதில்லை. மேடையின் விளிம்பில் இருட்டிலும் தெரியும் பட்டை ஒன்றைப் பதியுங்கள், கால் இடறும் இடம் அது.

மேடையின் தளத்தை நான்கு பக்கமும் விளிம்பு உயர்ந்த துருப்பிடிக்காத உருக்குத் தட்டாகச் செய்து, அதற்குள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். காரணம் ஐஸ். கொக்டெயில் பாரில் ஒரு விருந்தினருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ ஐஸ் என்று கணக்கிடுவது வழக்கம். அறுபது பேர் வந்த இரவில் 90 கிலோ. பெரும்பகுதி எப்படியும் தண்ணீராகி எங்கேயோ போகத்தான் போகிறது. அது உருக்குத் தட்டுக்குள் விழுந்து குழாய்க்குள் போகட்டும், கல்தரையின் இடுக்கில் இறங்கிச் சுவரின் அடியை எட்ட வேண்டாம்.

குளிர்ந்த எதுவும் காலியில் வியர்க்கும். வெப்பம் 30 பாகை, ஈரப்பதன் 80 வீதம் என்றால் பனிநிலை 26 பாகை. அதைவிடக் குளிர்ந்த பரப்பெல்லாம் நீர் கோக்கும். ஐஸ் தொட்டி, குளிர்நீர்க் குழாய், பியர்க் குழாய் எல்லாவற்றுக்கும் வெப்பக்காப்பு உறை கட்டாயம். ஐஸ் இயந்திரத்தைப் பின்முற்றத்தில் தனிக் கூரையின் கீழ் வையுங்கள். அது தள்ளும் வெப்பமும் இரைச்சலும் கூடத்துக்குள் வேண்டாம். கவுண்டருக்கு அடியில் வைக்கும் சிறு குளிர்ப்பெட்டிகளின் முதுகுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். சூடான காற்று சுவரின் ஒரே இடத்தில் அடித்தால் அந்த இடம் மட்டும் காய்ந்து, சுற்றியுள்ள உப்பை எல்லாம் தன்னிடம் இழுக்கும்.

போத்தல் இறாக்கையைச் சுவரில் மாட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். நிறைந்த 750 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ. இருநூறு போத்தல் என்றால் கால் தொன். சுண்ணாம்புச் சாந்தில் பதித்த ஆணி அதைத் தாங்கப் பிறந்ததல்ல. தரையில் நிற்கும் உருக்குச் சட்டகம் செய்து, அதைச் சுவரிலிருந்து விலக்கி, மேலே கூரைச் சட்டத்தைத் தொடாமல் நிறுத்துங்கள். அடிப்பகுதியை அகலமாகவும் பாரமாகவும் அமைத்தால் சாயாது. போத்தல்களுக்குப் பின்னே திறந்த இடைவெளி இருந்தால் பழைய சுவர் தெரியும், காற்றும் ஓடும். சட்டகத்துக்கும் திருகாணிகளுக்கும் 316 தரத் துருப்பிடிக்காத உருக்கையே கேளுங்கள். சாதாரண உருக்கு இந்தக் கடற்காற்றில் பழுப்புக் கண்ணீர் வடிக்கும். ஏதோவொன்றைச் சுவரில் பிடித்தே ஆக வேண்டிய நிலை வந்தால், துளை சாந்து இணைப்பில் விழட்டும். சாந்தைப் பின்னர் நிரப்பலாம், கல்லை நிரப்ப முடியாது.

கவுண்டரின் மேற்பரப்புக்குப் பளிங்கு கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்பேன். கொக்டெயில் பாரில் நிமிடத்துக்கு ஒரு எலுமிச்சை பிழிகிறார்கள். பளிங்கும் முருகைக்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும் அடிப்படையில் ஒன்றே, கல்சியம் காபனேற்று. புளிப்பு பட்டால் அரித்துவிடும். பளபளப்பான பளிங்கில் கிளாஸ் வட்டம் ஒரே இரவில் மங்கலாகப் பதியும். பழைய தேக்கு, பலா, அல்லது செம்புத் தகடு போடுங்கள். கருங்கல்லும் தாங்கும், ஆனால் மூன்று சென்டிமீற்றர் தடிப்பில் சதுர மீற்றருக்கு 80 கிலோ வரும், மேல்மாடியின் மரத்தளத்தில் அதை ஏற்றும் முன் பொறியியலாளரைக் கேளுங்கள். கிளாஸ் கழுவும் இயந்திரத்தின் சுண்ணப்படிவை நீக்கும் அமிலத் திரவம் சுவரில் தெறித்தாலும் இதே சேதம்தான். புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

தரைக்கு அடியில்

கோட்டைக்கு ஒல்லாந்தர் அமைத்த நிலத்தடி வடிகால்கள் கடல் ஏற்றத்தின் நீரால் அலசப்படும்படி கட்டப்பட்டவை. உங்கள் வீட்டின் கீழே அதன் ஒரு கிளை ஓடக்கூடும். பழங்கூழும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்த பாரின் கழிவை அதற்குள் விட எண்ண வேண்டாம். வடிகட்டியும் பிசுக்குத்தொட்டியும் வைத்து இன்றைய நகரக் குழாயோடுதான் இணைக்க வேண்டும்.

தரையிலுள்ள ஒவ்வொரு பழைய கற்பலகையையும் பெயர்க்கும் முன் படமெடுங்கள், இலக்கமிடுங்கள், பெயர்த்தபின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். காலி நகரில் 1911இல் ஒரு மதகின் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்த பலகைதான், சீனக் கடலோடி ஷெங் ஹே கொண்டுவந்து நாட்டிய 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு என்று தெரியவந்தது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் வெட்டியது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்னும் தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. இன்று அது கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மதகைத் திருத்த வந்தவர்கள் அந்தக் கல்லை உடைத்துப் போட்டிருந்தால் அந்தத் தமிழ் நமக்குக் கிடைத்திருக்காது.

ஓசை

கல்சுவர் அறையில் பத்துப் பேர் பேசினால் நாற்பது பேர் பேசுவதுபோலக் கேட்கும். கணக்கைப் பாருங்கள். எட்டு மீற்றர் நீளம், ஐந்து மீற்றர் அகலம், நான்கு மீற்றர் உயரம் கொண்ட அறை. எல்லாப் பரப்பும் கடினமாக இருந்தால், பட்ட ஒலியில் நூற்றுக்கு நான்கு பங்குதான் உறிஞ்சப்படும். எழுந்த ஓசை அடங்க மூன்றரை விநாடி ஆகும். பக்கத்து முக்காலியில் இருப்பவரிடம் பேசவே குரலை உயர்த்த வேண்டும். அவர் உயர்த்த, அடுத்தவரும் உயர்த்துவார். இசையைக் கூட்டச் சொல்வார்கள். ஒரு மணி நேரத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது.

இதே அறையில் 30 சதுர மீற்றருக்கு நல்ல ஒலியுறிஞ்சிப் பலகை சேர்த்தால் எதிரொலி ஒரு விநாடிக்குள் இறங்கிவிடும். பலகைகளைக் கூரைச் சட்டங்களுக்கு இடையில், சட்டத்தின் முகம் மறையாதபடி, கம்பியில் தொங்கவிடுங்கள். மிச்சத்தை மேசைகளின் அடிப்பக்கத்திலும் கவுண்டரின் முன்முகத்திலும் ஒட்டலாம். யார் கண்ணுக்கும் தெரியாது. கனமான பருத்தித் திரைகளைச் சுவரிலிருந்து கையளவு விலக்கித் தொங்கவிட்டால் உறிஞ்சுதல் கூடும், சுவரும் மூடாது. ஒரே பெரிய ஒலிபெருக்கிக்குப் பதிலாகப் பல சிறியவற்றை இருக்கைகளுக்கு அருகில் வைத்து ஓசையைக் குறையுங்கள்.

ஒளி

பூச்சில்லாமல் தெரியும் முருகைக்கல்லுக்கு ஒளியைக் கீழிருந்து சாய்வாகக் கொடுங்கள். கல்லில் உறைந்த பவளத்தின் மடிப்புகள் ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும். தரையில் வைத்த சிறு எல்இடி விளக்கு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, 2700 கெல்வின் அளவு மஞ்சள் ஒளி. அறைக்கு அதுவே பாதி ஒளி. மீதிப் பாதி பார்டெண்டரின் கைக்கு மேலே. அளக்கும் கிண்ணத்தின் கோடு அவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். மின்கம்பிக்காகச் சுவரில் காடி வெட்ட விடாதீர்கள். செம்புக் குழாய்க்குள் கம்பியை வெளிப்படையாகவே ஓட்டுங்கள். நேர்த்தியாக வளைத்தால் அதுவே அலங்காரம். திறந்த தீபமும் தீ மூட்டிய கொக்டெயிலும் மரக்கூரைக்குக் கீழே வேண்டவே வேண்டாம்.

அனுமதியும் அயலும்

1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இங்கே செல்லுபடியாகும். தொல்பொருளியல் திணைக்களத்தின் ஒப்புதலுக்கு முன் ஆணிகூட அடிக்கக் கூடாது. மது விற்கும் உரிமத்துக்கு மதுவரித் திணைக்களம். அருகே பள்ளியும் வழிபாட்டிடமும் இருந்தால் நிபந்தனைகள் வரும், கோட்டைக்குள் இரண்டும் உண்டு. ஆகவே குத்தகையில் கையெழுத்து வைக்கும் முன்பே இந்த வீட்டுக்கு உரிமம் கிடைக்குமா என்று உறுதி செய்யுங்கள். விண்ணப்பத்தோடு ஒவ்வொரு பொருளும் எப்படிக் கழற்றப்படும் என்று காட்டும் படத்தையும் சேர்த்துக் கொடுத்தால், அதிகாரிகளோடு பேச்சு இலகுவாகும்.

கோட்டை வெறும் சுற்றுலாத்தலம் அன்று, மக்கள் வாழும் ஊர். தலைமுறை தலைமுறையாக இருக்கும் முஸ்லிம் குடும்பங்கள் பல, வீட்டில் தமிழ் பேசுபவை. பள்ளிவாசல், தேவாலயம், விகாரை மூன்றும் நடைதூரத்தில். தெருப்பக்க விறாந்தையை மதுப் பரிமாறாத இடமாக வையுங்கள், தேநீரும் இஞ்சிச் சாறும் அங்கே போதும். இரவு பத்துக்குப் பின் முற்றத்து மேசைகளை உள்ளே எடுங்கள். முற்றம் திறந்த வானம், அங்கு எழும் சிரிப்பு பக்கத்து வீட்டின் படுக்கையறைக்கு நேராகப் போகும். வேலை தொடங்கும் முன்பே இரண்டு பக்கத்து வீட்டிலும் போய்ப் பேசிவிட்டு வருவது நல்லது.

போயா நாள் வேலை

இலங்கையில் போயா தினத்தில் மது விற்பனை இல்லை. மாதத்தில் ஒரு நாள் கடை எப்படியும் மூடியிருக்கும். அந்தப் பகலைச் சுவருக்குக் கொடுங்கள். குளிர்ப்பெட்டிகளை முன்னே இழுத்து, பின்சுவரைக் கைவிளக்கால் பாருங்கள். வெள்ளை உப்பு கண்டால் மென்மையான உலர்ந்த தூரிகையால் தட்டி, தாளில் ஏந்தி, வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி சுவருக்குள் போகும். ஈரப்பதன்மானியின் அளவுகளைக் கொப்பியில் எழுதுங்கள். மேடையின் உருக்குத் தட்டைத் திறந்து, அடித்தரை உலர்ந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். மேற்பூச்சு உதிர்ந்த இடத்தில் சுண்ணாம்பை மெல்லிய பல கைகளாகப் பூசுங்கள், ஒரு கை காய்ந்தபின் அடுத்தது. மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்று தொடங்கும் முன்பு வரும் போயாவில் ஓட்டுக்கூரையையும் பீலிகளையும் பார்த்து, விலகிய ஓட்டைச் சரி செய்து முடியுங்கள்.